இலவச நாள்

ஆண்டுக்கொருமுறை
லுவாங்வா ஆற்றின் இந்தக் கரைக்காரர்களுக்கும்
பூங்காவின் கதவு திறக்கும், கட்டணமில்லாமல்.
அன்றைக்கு என் ஜீப்பில்
தொலைநோக்கிகள் இல்லை, காக்கித் தொப்பிகள் இல்லை.
ஒன்பது பெண்கள், இரண்டு கைக்குழந்தைகள்,
ஒரு வாளி அவித்த மக்காச்சோளம்,
ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள்.

பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
எங்கே நிறுத்தினால் மூச்சை இழுப்பார்கள்,
எங்கே என் குரலைத் தாழ்த்த வேண்டும்,
எல்லாம் அத்துப்படி.
அன்று ஒன்றும் பலிக்கவில்லை.
வரிக்குதிரையைக் காட்டினேன்.
'நல்ல கொழுப்பு' என்றார்கள்.
நீர்யானைகளைக் காட்டினேன்.
கொழுந்தனைத் தோணியோடு கவிழ்த்தது எது என்று
முதுகு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தாள் ஒருத்தி.
சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.
'இதைப் பார்க்கவா விமானம் ஏறி வருகிறார்கள்?'
வண்டி குலுங்கச் சிரிப்பு.
சிங்கம் ஒரு காதை மட்டும் திருப்பியது.

பிறகு, புளியமரத் திருப்பத்தில்
அது நின்றது.
இடது காதில் முக்கோணக் கிழிசல்.

தவோங்காவின் அம்மா எழுந்துவிட்டாள்.
எழக்கூடாது என்பது விதி.
சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
நான்கு அறுவடைகளாக இவள்
தகரம் தட்டி, சாணத்தில் மிளகாய் பிசைந்து புகைபோட்டு
இருட்டில் விரட்டிய உருவம்.
ஒரே சாமத்தில்
ஆறு மாதச் சாப்பாட்டை முடித்துப்போன வயிறு.
டார்ச் வெளிச்சத்தில் அந்தக் காதை மட்டும்
பார்த்திருக்கிறாள்.

'பகலில் இப்படியா இருப்பாய்?'
என்னிடம் கேட்கவில்லை.

'கண்ணிமை எவ்வளவு நீளம் பாரேன்'
பின்னாலிருந்து யாரோ.

யானை தரையில் துழாவி
ஒரேயொரு புளியம்பழத்தை எடுத்தது,
முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்த்தது,
தின்றது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
அழுவாள் என்றும்.
வாளிக்குள் கைவிட்டு ஒரு கதிரை எடுத்தாள்.
எறியப்போகிறாள், என் வேலை போச்சு என்று
சாவியில் கைவைத்தேன்.
கடித்தாள்.
அதைப் பார்த்தபடியே, வரிசை வரிசையாக,
ஒரு மணி விடாமல் தின்று முடித்து
வெறும் தக்கையை
அதற்கு உயர்த்திக் காட்டினாள்.

திரும்பும் வழியில் கேட்டாள்:
உன் வண்டியில் வருகிறவர்கள்
அதற்குப் பேர் ஏதும் வைத்திருக்கிறார்களா?
சொன்னேன்.
இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.
'நாங்கள் வேறொன்று வைத்திருக்கிறோம்.'

மடியில் குழந்தைகள் இருந்ததால்
அதை அவள் சொல்லவில்லை.