சாவா மூவாப் பேராடு

நகரி தாண்டியதும் கைபேசி துடித்தது:
ஆந்திரம் உங்களை வரவேற்கிறது.
பனைகளுக்கு அந்தச் செய்தி வரவில்லை போலும்.
அந்தப்பக்கம் நின்ற மாதிரியேதான்
இந்தப்பக்கமும் நின்றன.

எருக்கம்பாடு. மதியம் பன்னிரண்டரை.
கையில் ஒரு மனு. பெயர் தேசய்யா.
செத்த ஆடு ஒன்பது. நோய், மழைக்காலத்தது.
வீடு பூட்டிக் கிடந்தது.
'வருவாங்க சார், அதுவரைக்கும்
குடியைப் பாத்துட்டு வாங்க' என்றான் பஞ்சர் கடைப் பையன்.

கம்பிக் கதவருகே ஒரு பெண், நாற்பது வயதிருக்கும்,
கழுத்தில் விசில், கையில் வேப்பங்குச்சி.
'இருவது ரூபா. சீட்டு கிடையாது. ராண்டி.'

பிரித்துக் கட்டுவதாகப் பிரித்த கோயில்.
பிரித்ததோடு பணம் தீர்ந்துவிட்டது.
கல்லெல்லாம் வரிசையாக வெயிலில் படுத்திருந்தன,
முதுகில் வெள்ளைப் பெயின்ட்: கி 41, கி 42, கி 43.
எண் அழிந்த கற்கள் தனிக்குவியல்.
'அதுங்களுக்கு இனிமே எடம் தெரியாது சார்.'

இல்லாத கோயிலைத்தான் சுற்றிக் காட்டினாள்.
'இது கோபுரம்' என்று
ஒரு கழுகு போய்க்கொண்டிருந்த இடத்தைக் காட்டினாள்.
'இங்க நந்தி. தள்ளி நடங்க.'
தள்ளி நடந்தேன்.
'தல குனிங்க, நெலப்படி தட்டும்.'
நெருஞ்சி மட்டுமே இருந்த வெளியில்
குனிந்து நுழைந்தேன்.
உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது என்றால்
நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

அசைக்காமல் விட்டது அடித்தளம் மட்டும்.
அதைச் சுற்றி எழுத்து. தமிழ் என்றாள்.
பிறந்ததிலிருந்து பேசுகிறேன், எனக்கு
ஒரு ட, ஒரு ப, தேள் மாதிரி ஏதோ ஒன்று,
அவ்வளவுதான் பிடிபட்டது.

தமிழ் எழுத்தே தெரியாத அவள்
குச்சியை நகர்த்திச் சொல்லிக்கொண்டே போனாள்:
திருநந்தாவிளக்கு ஒன்றினுக்கு
நிசதம் உழக்கு நெய்யாக
சந்திராதித்தவரை
வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
மையொற்ற வந்த ஒருவர்
பத்து நாள் படித்துக்கொண்டே இருந்தாராம்.
காகிதத்தின் மறுமுனையை இவள்தான் பிடித்திருந்தாளாம்.

சாகாது. மூக்காது.
பதினாலு வருடமாகக் கால்நடைக் காப்பீடு பார்க்கிறேன்,
இப்படி ஓர் ஆட்டுக்குப் படிவமே இல்லை.
செத்ததற்கு ஈடாகக் குட்டி வந்து நிற்கும்,
எண்ணிக்கை மட்டும் குறையாது, அதுதான் பொருள் என்று
பிற்பாடு ஒருவர் விளக்கினார்.
அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம்
தொண்ணூற்றாறு காது.

'அதெல்லாம் எங்கே போச்சு இப்போ?'
'மேகலா?' என்றாள்.
மேலே பார்த்தேன். ஒரு மேகமும் இல்லை.
சிரித்துவிட்டாள். 'மேகலுன்னா ஆடு சார்.
ராஜா வெச்சது எங்க போச்சோ தெரியாது.
நான் வெச்சது ஐப்பசி மழையில போச்சு.'

விளக்கு இருந்த மாடத்தில்
எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இன்னும் கறுப்பாக.
அதன் அடியில் உட்கார்ந்து
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
மஞ்சள் வில்லைகள். என் கம்பெனி எண்கள்.
'ஆயன பேர்லதான் மனு.
அவர் ஸ்ரீபெரும்புதூர்ல செக்யூரிட்டி.
பேக்கைப் பாத்ததுமே தெரியும் நீங்கதான்னு.'
எண்ணினேன். ஏழு.
'ரெண்டு காதை நாய் எடுத்துட்டுப் போச்சு.'

வில்லை இல்லையேல் தொகை இல்லை.
விதி, பக்கம் மூன்று, பொடி எழுத்து.
அதைத் தேளெழுத்துப் போலவே
அவளிடம் படித்துக் காட்டினேன்.
குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

படிவத்தை ஒரு கல்லின்மேல் வைத்து
ஏழு எண்களை எழுதினேன்.
எட்டாவது கட்டத்தில் பேனா நின்றது.
கையடியில் பாதி அழிந்த பெயின்ட், கி 1 0 ஏதோ.
அடுத்த இரண்டு கட்டங்களில் என்ன எழுதினேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

கையெழுத்து வாங்கிப் பையை மூடினேன்.
'இருவது ரூபா சார்' என்றாள்,
'அது வேற கணக்கு.'
கொடுத்துவிட்டு,
நெருஞ்சி வெளியில் தலை குனிந்து
வெளியே வந்தேன்.