ஒரு பல்

லிந்துலை ஏற்றத்தில் யோகராணியின் கார்
இரண்டாம் கியரிலும் இழுக்கவில்லை.
காலையில் ஸ்டார்ட் எடுக்கப் பாதி பற்றரி போய்விடும்.
எடுத்த பிறகு, தகரத்தில் கல் கொட்டுகிற சத்தம்.

முதலில் டீசலைத் திட்டினோம்.
பிறகு ஃபில்டர் மாற்றினோம்.
இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி
ஹற்றனுக்கு பஸ்ஸில் கொடுத்துவிட்டோம்.
ஒரு குறையும் இல்லை என்று
பில்லோடு திரும்பி வந்தன.

"வயசாயிருச்சி, இரும்புக்குப் போடு" என்றான்
எதிர்க்கடையில் வடை தின்றுகொண்டிருந்தவன்.
அவனுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிளும் கிடையாது.

கடைசியில்தான் பெல்ட் மூடியைத் திறந்தேன்.
முதலிலேயே திறந்திருக்க வேண்டும்,
இதை யோகராணியிடம் இன்னும் சொல்லவில்லை.

பெல்ட் அறுந்திருக்கவில்லை.
அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்டனில் குத்தி வளைந்து
வடைக்காரன் சொன்னதே சரியாகியிருக்கும்.
கீழே கிராங்கின் குறி நேராக நின்றது.
மேலே கேம், பக்கத்தில் பம்ப்,
இரண்டும் ஒரு பல் முந்தி.

ஒரே ஒரு பல்.
டோர்ச்சைக் கிட்டப் பிடித்து மூன்று தரம் எண்ணினேன்.

"எப்ப மாத்துன பெல்ட்?"
மீட்டர் எப்போதோ செத்துவிட்டது,
அவள் வாங்கிய நாளிலிருந்து அதே எண்.
ஆனால் ஹயர்க் கொப்பி இருந்தது.
போனட்டில் கொப்பியை வைத்துக்
கிலோமீட்டர் கூட்டினோம்:
பிரசவத்துக்கு நுவரெலியா, ராத்திரி.
வங்கிக்கு ஐந்து பேர், மடியில் ஆறாவது.
கொழும்புக்குப் போகிற பையனின் பெட்டி,
ரயிலைப் பிடித்தாயிற்று.
பத்தாவது பக்கத்தில் என் பெயர்,
என் மகனுக்குக் காய்ச்சல் ஏறிய இரவு.
காசுக் கட்டத்தில் "பிறகு" என்று இருந்தது.
பெயரை விட்டு, தூரத்தை மட்டும்
சத்தமாக வாசித்தேன்.
அவளும் தூரத்தை மட்டும் எழுதினாள்.

பெல்ட் கிழம்தான்.
ஆனால் கிழம் தானாகப் பல் தாவாது.
"வண்டிய எங்க நிப்பாட்டுற?"

"லயத்து மேட்டுல, மூக்கு மேல பார்த்து.
ஹேண்ட்பிரேக் பிடிக்காது,
ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, டயருக்குக் கல்லு."

சிரிப்பு வந்துவிட்டது.
மழையில் மண் இளகும், கல் ஓர் அங்குலம் நழுவும்,
கார் பின்னால் சாயும்.
பூட்டிய எஞ்சின், சாவி வீட்டில்,
ஆள் தூக்கத்தில்.
மலை அதைப் பிடித்துப்
பின்பக்கமாகச் சுற்றியிருக்கிறது.

"மேல பார்த்து நிப்பாட்டுனா
இனிமே ரிவர்ஸ்ல போடு."
"மேல பார்க்கிற வண்டிக்கு ரிவர்ஸா?"
"சாஞ்சாலும் எஞ்சின் நேராத்தான் சுத்தும்."
கையை முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்து
நம்பாமல் தலையாட்டினாள்.

புது பெல்ட், டென்ஷனர், எண்ணெய் கசிந்த சீல்.
குறிக்குக் குறி வைத்து,
பானாவால் கிராங்கை மெல்ல இரண்டு சுற்று.
எங்கும் முட்டவில்லை.
மூன்று குறியும் திரும்ப வந்து நின்றன.
சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொண்டது,
எதிர்க்கடையில் ஒருவன் மட்டும் கைதட்டவில்லை.

பில்லில் சாமான் விலை போட்டேன்.
கூலிக் கட்டத்தை நான் நிரப்புமுன்
பேனாவை வாங்கி
"பிறகு" என்று எழுதினாள்.
இரண்டு பேரும் கழுத்து நீட்டி
எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் ஹேண்ட்பிரேக் கேபிளுக்கு வரச் சொன்னேன்.
வருகிறேன் என்றாள்.
ரிவர்ஸிலும் போடுகிறேன் என்றாள்.
கல்லை மட்டும் எடுக்க மாட்டாளாம்.