அறுபது பென்ஸ்

பிளாக்பூல். அக்டோபர். கடைக் கண்ணாடியில் உப்பு.
பெர்னிஸ் கார்சைட் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள்,
ஏலத்தில் எடுத்ததாம்,
முப்பத்து நான்காம் வருஷத்து மாலைநேரக் கவுன்.
பாசிப்பச்சை சாட்டின்.
"இதே போல ஒன்று, என் அளவுக்கு.
கைப்பேசி வைக்க மட்டும் ஒரு பை."

மாதிரி எடுக்க
இரவு கதவைச் சாத்திவிட்டுத் தையலைப் பிரித்தேன்.
வெளிப்பக்கம் முழுக்க ஒளி.
உள்பக்கம் வேறு:
அக்குளில் ஒட்டுத்துணி, அதில் இன்னும் போகாத
பழுப்பு வட்டம்.
இடுப்பில் ஊசித் துளைகள் மூன்று வரிசை,
ஒருமுறை பிடித்து இருமுறை விட்டிருக்கிறார்கள்.
பிள்ளை பெற்றாளா, வெறுமனே நன்றாகச் சாப்பிட்டாளா,
துளை சொல்லாது.

விளிம்பில் விரல் தடுக்கியது.
மடிப்புக்குள் பொத்திப் பொத்தி
ஈயக் குண்டுகள். மிளகளவு. எண்ணினேன், இருபத்தாறு.
மீன்வலைக்குக் கட்டுவார்களே, அப்படி.
அந்தக் காலத்து மிடுக்கு என்று
படங்களில் வாய்பிளந்து பார்த்தது,
அவள் படியிறங்க, துணி ஒரு நொடி தாமதித்துப்
பின்னால் வழிந்து வருமே, அது
இருபத்தாறு மிளகு ஈயம்.

பெர்னிஸிடம் சொன்னேன்.
"ஐயோ, விஷம். பாரம் வேறு. ஆட முடியாது."
சரி என்றேன்.
சரி என்பது இந்தத் தொழிலில் முதல் தையல்.

பை தைத்துக் கைப்பேசியை வைத்துப் பார்த்தேன்.
பல்வலிக்காரன் கன்னம் மாதிரி
இடது இடுப்பு துருத்தியது.
அதற்கு ஈடுகட்டத்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
கல்லாவிலிருந்து ஐந்து பென்ஸ் காசு பன்னிரண்டை
விளிம்பைச் சுற்றி ஒளித்தேன்.
பில்லில் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை நடனம்.
கடற்கரைச் சாலைக்கு எதிர்ப்புறம், டிராம் நிழற்குடையில்
வினிகர் நனைந்த சிப்ஸோடு நின்றேன்.
காற்று அன்று யாரையும் மதிக்கவில்லை.
டாக்சியை விட்டு இறங்கியவர்கள்
இரண்டு கையாலும் பாவாடையை அமுக்கி
கோழி பிடிக்கிறவர்கள் போல் ஓடினார்கள்.
ஒருத்தியின் இறகுமாலை டிராம் கம்பிக்குப் போனது.

பெர்னிஸ் இறங்கினாள்.
கதவை மெல்லச் சாத்தினாள்.
ஓட்டுநரிடம் மீதிச் சில்லறை கேட்டு, நின்று, வாங்கினாள்.
படியேறினாள். துணி ஒரு நொடி தாமதித்து
அவள் பின்னால் போனது.

திங்களன்று வந்து, "ஆடும்போது கணுக்காலில்
என்னவோ தட்டிக்கொண்டே இருந்தது" என்றாள்.
பழைய மாடல் அப்படித்தான் என்றேன்,
ஊசியில் நூல் கோர்த்தபடி.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள்.
கூட்டிப் பார்த்தால்
அறுபது பென்ஸ் இடிக்கிறது.