தடைக்காலம்

தடைக்காலத்து அறுபத்தொரு நாளும்
எங்கள் குழுவுக்குக் கீழ்க்குரல் இருந்தது.

கஸ்பார், வியாகுலம், விசைப்படகு டிரைவர் ஏரோணி.
வலை தைத்த கையோடு வந்து
ராயபுரம் கோயில் மாடியில் நிற்பார்கள்.
லத்தீனைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்,
ஏலச் சீட்டின் பின்பக்கம்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர்
ஆண்குரல்களுக்கென்றே எழுதிய துதி.
பெரிய சத்தமில்லை.
மாதா பேர் வருமிடத்தில்
மேலே நாங்கள் நகர்ந்துகொண்டே இருப்போம்,
அடியில் ஒரே சுரம், ஒன்பது எண்ணிக்கை,
மாற்றி மாற்றி மூச்செடுத்து
அவர்கள் பிடிக்கணும்.
"நங்கூரம்டா இது," என்றான் ஏரோணி,
"போட்டுட்டு சும்மா நில்லு."

ஜூன் பதினாலு ராத்திரி
டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இருபத்தொன்பது பேதுரு திருவிழா.
மீன்காரர் பண்டிகைக்கு
மீன்காரர் யாருமில்லை.
ஆறு டெனர்கள், துறைமுகக் குமாஸ்தா நான் உட்பட.
மாஸ்டர் ஆர்மோனியத்தில்
அந்தச் சுரத்தை அமுக்கிப் பார்த்தார்,
பிடிக்காமல் கையை எடுத்துவிட்டார்.
வெறுமனே பாடினோம்.

அந்த இடம் வந்தபோது
எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்ட கன்டெய்னர் லாரி
ஹாரனிலிருந்து கையெடுக்கவே இல்லை.

அரைச் சுரம் குறைவு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஆறு பேரும் அரைச் சுரம் இறங்கி
அதன்மேல் நின்றோம்.