மேடை வாடகை

பதினெட்டு அடிக்குப் பதினெட்டு.
நான்கு கம்பம், நான்கு வரிசைக் கயிறு,
முப்பத்தாறு பலகை, நைந்த கம்பளி.
மழை பெய்யும் வெள்ளிக்கிழமையில்
என் வேனில் இவ்வளவும் ஏறிவிட்டால்
ஹல் நகரத்தின் குத்துச்சண்டை ஏறிவிட்டது.
மிச்சமெல்லாம் ஆட்கள்.

மண்டபத்துக்கு அடியில் நீச்சல் குளம்.
குளிர்காலத்தில் நீரை வடித்துப் பலகை போட்டு மூடுவார்கள்.
நிறைகுடம் தளும்பாது.
இது காலிக் குடம்,
ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லும்.

விரிப்பில் பெயர்கள்:
முதலில் பியர் ஆலை, அதன்மேல் கார் வியாபாரி,
அதற்கும் மேல் ஒரு கம்பளக் கடை.
கடை மூடி ஆறு வருடம். எழுத்து போகவில்லை.
இரண்டாம் எழுத்தின் வயிற்றில் பழுப்பாய் ஒரு துளி.
யாருடையது என்று தெரியும்,
சொல்ல மாட்டேன்.
தொலைக்காட்சிக்காரர்கள் விட்டுப்போன மின்பெட்டியில்
இப்போது தேநீர்க் கெட்டில் கொதிக்கிறது.

ரைலன் ஹெப்வர்த். ரொட்டித் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
ஏழு சண்டை, ஏழு வெற்றி.
தன் டிக்கெட்டைத் தானே விற்க வேண்டும்:
மச்சான்களுக்கு, பல் மருத்துவமனை வரவேற்பறைப் பெண்ணுக்கு,
மேற்பார்வையாளருக்கு (இரண்டு, கடனுக்கு).
நூறு கொடுத்தார்கள். நாற்பத்தொன்று போனது.
மீதி, ஜாக்கெட்டின் உள்பையில்
அவன் நடக்கும்போதெல்லாம் சரசரத்தது.

அந்த நாற்பத்தொன்றில்தான்
எதிராளியின் கூலி, எதிராளியின் பெட்ரோல்,
மருத்துவர், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ்.

எதிராளி லெய்டன் புருக்ஷா, ஸ்டோக்கிலிருந்து.
தொண்ணூற்றிரண்டு தோல்வி. கெட்டிக்காரன்.
விழவே மாட்டான்.
விழுந்தால் ஒரு மாதம் மேடையேற விடமாட்டார்கள்,
அடுத்த சனிக்கிழமைத் தோல்வியின் கூலி போய்விடும்.

மூன்றாம் சுற்றில், விலாவுக்குக் கீழே,
ரைலன் இடக்கையால் ஒன்று வைத்தான்.
முப்பது வருடத்தில் அப்படி நாலைந்து பார்த்திருப்பேன்.
லெய்டனே ஒரு கணம் தலையசைத்தான்.
முன்வரிசையில் மூன்று பேர் குனிந்திருந்தார்கள்.
அவர்கள் கைபேசியில், ஏதோ பாலைவன நகரத்தில்,
வீடியோ போட்டுப் பணக்காரனான பையன் ஒருவன்
ஓய்வுபெற்ற மல்யுத்தக்காரனைத் துரத்திக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போனபின், டிக்கெட் ஜன்னலில்
மெர்வின் ஸ்டாதர்ட் கணக்குப் போட்டார்.
லெய்டனுக்கு உறை.
ரைலன் அறுபது பவுண்ட் தர வேண்டும்.
அடி வாங்கியவனுக்குக் கூலி, அடித்தவனுக்குக் கடன்.
என் முறை வந்ததும் மெர்வின் கையை விரித்தார்:
"அடுத்த மாதம், கிளைவ்."
நான் மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.
பித்தளை. எடைக்காவது பெறும்.

மறு சனி. அதே குளம், அதே பலகை.
ஒரு தணிக்கை நிறுவனத்தின் நன்கொடை விருந்து.
எட்டு வாரம் பயிற்சி எடுத்த கணக்காளர்
எட்டு வாரம் பயிற்சி எடுத்த காப்பீட்டு மேலாளரை அடிப்பார்.
அறுநூறு நாற்காலி, ஒன்றும் மிச்சமில்லை.
வாடகை முழுதும் முன்பணமாக வந்துவிட்டது.

ரைலனை நீல மூலைக்கு அமர்த்தியிருந்தார்கள்,
வாளி பிடிக்க. எண்பது பவுண்ட்.
மூன்று மணிக்கே வந்து பலகை சுமந்தான்.
ஒன்று ஆடியது.
உள்பையிலிருந்து நாலு டிக்கெட் எடுத்தான்,
மடித்துச் செருகினான், ஏறி மிதித்துப் பார்த்தான்.
ஆடவில்லை.

கணக்காளர் கண்ணை மூடிக்கொண்டு ஈ ஓட்டினார்.
ஆட்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள்.
அப்படிச் சத்தம் அந்தக் குளத்தில் கேட்டு எத்தனை நாளாயிற்று!
ரைலன் அவர் மூக்கைத் துடைத்து
"தாடையைத் தாழ்த்துங்கள், ஐயா" என்றான்.
அவர் மனைவியின் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நள்ளிரவில் பலகையைத் தூக்கினோம்.
டிக்கெட்டுகள் தட்டையாய்க் கிடந்தன,
தேதி போன வாரத்தது,
நாற்பது பவுண்ட், நன்றாகவே தெரிந்தது.
தூசியை ஊதிவிட்டு
உள்பையில் வைத்துக்கொண்டான்.