மன்றத்தின் பார்வைக்கு

மாதக் கடைசி வியாழக்கிழமை
மாரண்டஅள்ளி பேரூராட்சியின் பின்வாசல் வழியாக
அருள்ஜோதி வருவார்,
அக்குளில் தீர்மானப் புத்தகம்.
பதினேழு காப்பி, ரெண்டு பக்கமும்.
உறுப்பினர் பதினைந்து, கோப்புக்கு ரெண்டு.
வெயிலில் வந்த காகிதம் மெஷினுக்குள் போய்
இன்னும் சூடாக வெளியே வரும்.

பார்க்காதே என்று அவர் சொன்னதில்லை.
நேராக அடுக்கப் பார்த்துத்தானே ஆகவேண்டும்.
அப்படிப் பழகியதுதான்:
பொருள் எண், அலுவலகக் குறிப்பு, தீர்மானம்.
எல்லாம் மன்றத்தின் பார்வைக்கு.
எல்லாம் ஏகமனதாக.

முதலில் எழுதியது ஒரே வரி.
மூலையில் கிடந்த காதுகுத்து பிளக்ஸ்,
திருப்பினால் முதுகு வெள்ளை.
“ஆறாவது வார்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர்
இனி நாலு நாளைக்கு ஒருமுறை.”
மறுநாள் காலை
குழாயடியில் நிற்க வேண்டியவர்களில் பாதிப்பேர்
தக்காளி பறிக்கப் போய்விட்டார்கள்.

அப்புறம் கை நிற்கவில்லை.
சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போனது,
இடுகாட்டுச் சுவர் ஏன் மறுபடி டெண்டர்,
தெருவிளக்கு நாற்பது.
வேடியப்பன் ராத்திரி எண்ணிக்கொண்டே நடந்து வந்தான்:
“அக்கா, இருபத்தெட்டுதான் வருது.”
தீர்மானத்தில் நாற்பது,
வேடியப்பன் எண்ணியது இருபத்தெட்டு.
ரெண்டையும் எழுதிவிட்டு
கழித்தலை ரோட்டுக்கு விட்டுவிட்டேன்.

ஒருமுறை பூஜ்யம் ஒன்று கூடிவிட்டது.
காண்ட்ராக்டர் வந்து கத்தினார்,
நியாயந்தான்.
அழிக்கவில்லை. குறுக்கே கோடு கிழித்து
பக்கத்திலேயே சரியான தொகை.
அந்தக் கோட்டோடு பத்து நாள் தொங்கியது.

பாலக்கோடு டவுன்பஸ் ஒன்றரை நிமிடம் நிற்கும்.
எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்காக
கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி சத்தமாகப் படிப்பார்.
விசிலுக்குள் மூன்று பொருள் முடியும்,
மிச்சம் அடுத்த டிரிப்பில்.

பதினோராம் வார்டு தீர்த்தம்மாள்
இறங்கி வந்து வெகுநேரம் பார்த்தார்.
அவரும் உறுப்பினர்தான்.
“கடைசி ரெண்டு கூட்டத்துக்கு எனக்குத் தகவலே இல்ல.
நானுமா ஏகமனசு?”
அதிலிருந்து, முடிந்ததைவிடப் பெரிய எழுத்தில்
முதல் வரியில் வரப்போகும் கூட்டத்தின் தேதி.
தீர்த்தம்மாள் அதைப் பார்த்துத்தான் போகிறார்.
போன மாதம் ஒரு பொருளில்
“ஒருவர் ஆட்சேபணையுடன்” என்று வந்தது.
காகிதத்தை ரெண்டு முறை படித்தேன்,
மெஷின் தப்பாக எடுத்ததோ என்று.

இந்த வியாழக்கிழமை
ஒன்பதாவது காப்பியில் பேப்பர் சிக்கியது.
இழுத்ததில் கிழிந்து வந்த துண்டில்
பொருள் இருபத்திரண்டு:
பேருந்து நிறுத்தம் எதிரே
வடிகால் மேல் உள்ள ஒன்பது கடைகள்,
ஆக்கிரமிப்பு, பதினைந்து நாள் அவகாசம்.
மேற்கிலிருந்து எண்ணினாலும்
கிழக்கிலிருந்து எண்ணினாலும்
ஐந்தாவது என்னுடையது.

அருள்ஜோதி சில்லறையை
எண்ணாமலே சட்டைப்பையில் போட்டார்.
“பாத்து எழுதும்மா” என்றார்.
எதைப் பார்த்து என்று சொல்லவில்லை.

வடிகால் பொய்யில்லை.
ஐப்பசி மழையில் எட்டாம் வார்டில்
முழங்கால் அளவு தண்ணீர் என்று
எழுதியதே நான்தான்.
அது எந்தக் கல்லுக்கு அடியில் முட்டி
திரும்பிப் போனது என்று
அப்போது எழுதவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ராத்திரி பிரஷ்ஷை எடுத்தேன்.
இருபத்தொன்று எந்த அளவோ
இருபத்திரண்டும் அதே அளவு.
கை கொஞ்சம் பெரிதாக்கப் பார்த்தது,
கொஞ்சம் சிறிதாக்கவும் பார்த்தது.
கடைகள் ஒன்பது என்று எழுதி,
அதில் இதுவும் ஒன்று என்று சேர்த்தேன்.
ஆட்சேபணை உள்ளவர்கள்
செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் தரலாம்.
அடுத்த கூட்டம் இருபத்தேழு, காலை பதினொன்று.

காலையில் பஸ் வந்தது.
கண்டக்டர் இருபத்திரண்டு வரை வந்து
கடையைப் பார்த்தார்,
விசிலை வாயில் வைத்து எடுத்துவிட்டார்.
“மேல படிங்க” என்றேன், 
“வண்டி நிக்குது.”

பலகையை இனி எங்கே மாட்டுவது என்பது
இதுவரை எந்தப் பொருளிலும் இல்லை.