எட்டுக் கோடு

பணப்பையை அவிழ்க்காமலே கேட்டார் தொகேஷி:
"மேல் எழுத்து மட்டும் மாறினால் போதும்.
பத்துக் கோடு இருந்த இடத்தில் இனி எட்டு.
இரண்டு குறைகிறதே, கமடு,
விலையும் குறையாதா?"

நாஹா துறைமுகத்தில் அன்று சர்க்கரை ஏற்றும் நாள்.
கடைக்குள் ஈயும் இனிப்பும்.
பயிற்சிக்கூடத்துப் பலகையைப் பாயில் கிடத்தினார்கள்
இரண்டு பையன்கள்,
அடிபட்டவனைக் கிடத்துவதுபோல்.

கற்பூர மரம்.
ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதியதுதான்.
மேலே டாங், சீனத்தின் பழைய பெயர். கீழே கை.
சேர்த்து வாசித்தால் கராத்தே:
கடல் தாண்டி வந்த கை.

இப்போது அது தலைநகரத்துக் கண்ணை உறுத்துகிறதாம்.
மேலே வெறுமை என்று எழுத வேண்டுமாம்.
அதற்கும் காரா என்றுதான் ஒலி.
கூப்பிட்டால் அதே ஆள் திரும்பிப் பார்ப்பான்,
எழுதினால்தான் வேறு ஆள்.

"ஆயுதம் இல்லாத கை. ஆசை இல்லாத மனம்.
எவ்வளவு ஆழம் பாருங்கள்" என்றார்.
நான் பலகைக்கு முழம் போட்டேன்.
வெறுங்கையால்தான்.
"கோடு இரண்டு குறையும்.
இழைப்புக்கூலி கூடும்" என்றேன்.

போகிற போக்கில் இன்னொரு சின்னப் பலகையும் கேட்டார்,
வாசலுக்குள் மாட்ட, 'போர்' என்ற எழுத்து.
"பிரித்துப் பாருங்கள்:
ஈட்டியை நிறுத்து என்று அர்த்தம் வரும்."
வரும்.
ஆனால் பழைய வெண்கலப் பாத்திரங்களில்
அந்த 'நிறுத்து' வெறும் பாதம்.
ஈட்டியும் பாதமும்:
நிற்கிறதா, நடக்கிறதா,
பாதத்தைத்தான் கேட்க வேண்டும்.
தெருவில் அப்போது பட்டாளத்துப் பூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.
நான் கேட்கவில்லை.

இழைப்புளியை என் பக்கமாக இழுத்தேன்.
சுருள் சுருளாக வந்தது டாங்.
கூரை போயிற்று, நடுத்தண்டு போயிற்று.
அடியில் ஒரு சின்னச் சதுரம் உண்டு, வாய் என்று பெயர்,
அது கடைசிவரை நின்றது.
மை அங்கே ஆழமாக இறங்கியிருந்தது.
அந்த வருடம் என் கை அவ்வளவு அழுத்தியிருக்கிறது.

மதியம் காவ் லின்ஷெங் வந்தான்,
எதிர்க்கடையில் நூடுல்ஸ் இழுப்பவன்,
முழங்கைவரை மாவு.
ஃபூஜோவில் அவர்கள் தங்களைச்
சொல்லிக்கொள்வதே டாங் மக்கள் என்றுதான்.
தரையில் கிடந்த சுருள்களைக் காலால் தொடாமல் நின்றான்.
"என்னையா செதுக்கிவிட்டாய்?" என்றான்.
சிரித்தான்.
இரண்டாவது தடவை சிரிக்கவில்லை.

பேச்சை மாற்ற, குங்ஃபூ என்றால் என்ன என்று கேட்டேன்.
"செலவழித்த நேரம். வேறொன்றுமில்லை.
என் மாவிலும் இருக்கிறது, உன் மையிலும் இருக்கிறது.
ஆளை அடிப்பவன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான்."

புதிய எழுத்தை அவன் எதிரிலேயே எழுதினேன்.
முதலில் குகையின் வாய், ஐந்து கோடு.
அதற்குள் தச்சனின் மட்டம், மூன்று.
யாரோ உள்ளே உட்கார்ந்து
குடைந்து குடைந்து உண்டாக்கிய வெறுமை அது,
சும்மா கிடந்ததல்ல.
ஆகாயத்துக்கும் அதே எழுத்துதான்.

மேல் பாதியை மட்டும் இழைத்ததால்
பலகையில் ஒரு பள்ளம்.
கை மேட்டில் நிற்கிறது, ஆகாயம் குழியில்.
மழை பெய்தால் தண்ணீர் வடியத் தாமதமாகும்.
தொகேஷி விரலால் தடவிப் பார்த்துவிட்டு
முழுக்கூலியையும் எண்ணி வைத்தார்.
வாய் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறம்,
அவர் பார்த்திருக்க மாட்டார்.
சாய்ந்த வெயில் வேண்டும் அதற்கு.

சுருள்களைக் காவ் முன்றானையில் அள்ளினான்.
"விலை?"
"பத்துக் கோடு" என்றேன்.
ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினான்.

ராத்திரி அவன் கடையில்
பயிற்சி முடித்த பையன்கள் பதினோரு பேர்.
கன்றிப்போன விரல்முட்டிகள்.
சூடு தாங்காமல் கிண்ணத்தை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு
மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள்.
அடுப்பில் கற்பூர வாசனை.
ஒருவன் மட்டும் மோந்து பார்த்து,
"பலகை வாசம் அடிக்கிறதே" என்றான்.
காவ் இன்னொரு பிடி போட்டான்.